லீலாவும் குதிகால் இல்லாத சப்பாத்தும்

இறந்தவளின் காலிலிருந்து நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டேன் என்று றொசல்ல பஸ்ஸிலும் தோட்டத்துக் கடையிலும் பேசிக்கொள்வதாக அறிகிறேன். அந்தப் பேச்சில் பிழை இருக்கிறது. சப்பாத்து லீலாவின் காலில் இருக்கவில்லை. சவப்பெட்டிக்குள், கால்மாட்டில், ஒரு துவாயின் மேல் வைக்கப்பட்டிருந்தது. நான் அதை என் வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. லீலாவின் வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்தேன். இதை எழுதும் இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. விரும்பியவர்கள் போய்ப் பார்க்கலாம். பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை.

புஷ்பலீலாவின் நினைவாக நமது தோட்டத்து நலன்புரிச் சங்கம் வெளியிடும் இந்தச் சிறு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். லீலாவை நீண்ட காலம் அறிந்தவள் என்பதால் கேட்டிருப்பார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான், அந்தச் சப்பாத்தை ஏன் எடுத்தேன் என்று சொல்லாமல் லீலாவைப் பற்றி ஒரு வரியும் என்னால் எழுத முடியாது என்று தெரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

செய்தி காலையில் வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் கௌசல்யா நனைந்தபடி நிற்கிறாள். நமது சங்கச் செயலாளர் முருகையாவின் மகள். லீலாவின் கரப்பந்தாட்டக் குழுவில் எல்லோரிலும் குட்டையானவள், எல்லோரிலும் உயரக் குதிப்பவள். "குடை எங்க?" என்று கேட்டேன்.

"லீலாம்மா போயிட்டாங்க டீச்சரம்மா," என்றாள்.

உள்ளே கூப்பிட்டுத் துவாய் கொடுத்தேன். தலையைத் துடைக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

லீலாவின் இதயம் கடந்த சில வருடங்களாகப் பலவீனமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே டாக்டர் அதை என்னிடம் விளங்கப்படுத்தினார். கிழவி குதித்து நெஞ்சடைத்துச் செத்தாள் என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு லீலா குதித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. மற்றவர்களைக் குதிக்கச் சொல்வார், தான் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்.

முந்தின நாள் மாலை நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மூக்கில் குழாய். பேச வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"டீச்சரம்மா, நெட்டு கட்டிருக்காங்களா?"

"மழை பெய்யுது லீலா."

"மழை விட்டப் பொறவு?"

"விட்டாப் பிறகு பாப்பம். நீர் இப்ப பேசாமல் படும்."

"நீங்களும் முருகையா மாதிரியே பேசுறீங்க. பாப்பம், பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரிடமிருந்து கடைசியாகக் கேட்ட பேச்சு இதுதான். பெரிய வார்த்தைகள் எதையும் அவர் சொல்லிச் செல்லவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய கிளாக்கரின் மனைவியாக இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது லீலா பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தாய்மார் கொழுந்து எடுக்கப் போனதும் அவர்களின் கைக்குழந்தைகள் எல்லாம் லீலாவின் பொறுப்பு. வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களுக்கு நடுவே நின்று, ஒரு கையால் ஒன்றையும் மறு கையால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டு, மூன்றாவதைக் காலால் ஆட்டுவார். இன்று சங்கத்தில் பொறுப்பாக இருக்கும் பலர் அந்தக் காலால் ஆட்டப்பட்டவர்கள். முருகையாவும் அப்படித்தான். மாலையில் பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிப்போனதும், லீலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போய்விடுவார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்தக் களம்தான் நமது தோட்டத்தில் உள்ள ஒரே சமதரை. அங்கே கரப்பந்து ஆடுவார். ஆளுக்கு உயரம் கிடையாது. குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும்.

என் கணவர் இறந்த வருடம் நான் ஞாயிறு பூசைக்கு ஹட்டனுக்குப் போவதைத் தவிர வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். லீலா ஒருநாள் வந்து, எனக்கு வேலை சொன்னார்.

"நாளைக்குத் திருவிழா மேட்ச் டீச்சரம்மா. மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும். புள்ளி எழுத ஆள் வேணும்."

"வேற ஆளைப் பாரும். நான் இப்ப வெளியில வாறேல்லை."

"வேற ஆள் எழுதினா அடிதடியாயிரும். போன வருசம் எழுதினவரு மச்சான் பக்கத்துக்குப் போட்டுட்டாருன்னு நெட்டையே கிழிச்சுப்புட்டாங்க. நீங்க எழுதினா ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

"ஏன்?"

"பாதிப் பேரு உங்ககிட்டப் பிரம்படி வாங்கினவன்தானே."

போனேன். வெள்ளைச் சேலையோடு அத்தனை பேருக்கும் முன்னால் போய் உட்காருவது எனக்கு இலேசாக இருக்கவில்லை. ஆனால் பந்து போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் நம்மைப் பார்ப்பது தெரிவதில்லை. அன்று என் புள்ளியில் தகராறு செய்தவர் ஒரே ஒருவர்தான், அது லீலா. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது, நான் வெளியே என்று எழுதினேன். மேல் டிவிஷன் தோற்றது. இருட்டும் வரை லீலா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த திருவிழாவுக்கும் என்னைத்தான் வந்து கூப்பிட்டார்.

இனிச் சப்பாத்து.

லீலாவின் ஒரே மகள் மலர் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டுப் பையனுக்கு அளவு சிறிதாகிப்போன சப்பாத்தை, வீட்டுக்காரி இவளிடம் கொடுக்க, அவள் தாய்க்கு அனுப்பிவைத்தாள். பார்சல் வந்த மறுநாள் விடியற்காலையில் லீலா என் கேற்றடியில் நின்றார்.

"டீச்சரம்மா, மக மலையேறுற சப்பாத்து அனுப்பிருக்கு. இங்க பாருங்க."

பார்த்தேன். நல்ல உறுதியான சப்பாத்து. முன்பாதத்துக்குக் கீழே செங்கல் போலத் தடித்த ரப்பர் கட்டை. குதிகாலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. போட்டு நின்றால் உடலின் பாரம் முழுவதும் முன்பாதத்தில் நிற்கும், குதிகால் அந்தரத்தில் தொங்கும்.

"இதுக்குக் குதிக்கால் எங்க?" என்றேன்.

"அதான் சூட்சுமம். மலையேறும்போது குதிக்கால் தரையில படுதாங்க? படாதே. தேவையில்லாத சாமானை எதுக்கு வெள்ளக்காரன் போடப் போறான்?"

கேத்திரகணிதம் படிப்பித்த எனக்கும் அந்த வாதத்தில் பிழை தெரியவில்லை. வேறு ஊர்க்காரர் யாராவது இருந்தால் முதலிலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். வாசலை விட்டு இறங்கினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம் என்று வாழ்கிறவர்களுக்கு, கால் முன்பக்கத்தில் மட்டும் நிற்பது விசித்திரமாகவே படவில்லை.

லீலா அதைப் போட்டுக்கொண்டு மேல் டிவிஷன் வரை ஏறினார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னா லீலாக்கா, ஆட்டுக்குட்டி மாதிரிப் போறீங்க?"

"மக அனுப்பினதுடி. நீங்க செருப்புப் போட்டு நாறுங்க."

ஏறும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறங்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்தது, தாங்குவதற்குக் குதிகால் இல்லை. உட்கார்ந்தபடியே லீலா தேயிலைச் செடிகளுக்குள் போய்ச் சேர்ந்தார். அதே பெண்கள்தான் ஓடிவந்து இழுத்து எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, லீலா சிரிக்கத் தொடங்கும் வரை. "ஏறுறதுக்குச் செஞ்சவன் எறங்குறத மறந்துட்டான்," என்றாராம். எனக்கும் அதையே வந்து சொன்னார், முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டு.

பிறகு மலர் அந்த வீட்டுப் பையனிடமே கேட்டுச் சொன்னாள். அது மலையேறுவதற்கு இல்லையாம். உயரக் குதிக்கப் பழகுகிற விளையாட்டுக்காரர் போடுவதாம். அதைப் போட்டுச் சமதரையில் பயிற்சி செய்தால் கெண்டைக்கால் பலப்படும் என்று நம்புகிறார்களாம். லீலா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நா இவ்வளவு நாளா மலையேறல டீச்சரம்மா. குதிக்கத்தான் பழகிருக்கேன்."

அன்று சிரித்த சிரிப்பில் நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே சப்பாத்தை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனார். அப்போது அங்கே நெட் கட்டுவது திருவிழாவுக்கு மட்டும்தான். பெண் பிள்ளைகள் ஆடுவது எப்போதோ நின்றுவிட்டது. அதைத் திரும்பத் தொடங்கி, பிள்ளைகளுக்கு இந்தச் சப்பாத்தைப் போட்டுப் பழக்கப் போவதாக லீலா சொன்னார். நான் எதிர்த்தேன். பிள்ளைகளின் கால் முறிந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். ஹட்டனில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவரைப் பிடித்து விசாரிக்கும் வரை யாருக்கும் போடக் கொடுக்கக்கூடாது என்று லீலாவிடம் வாக்கு வாங்கினேன். அந்த ஆசிரியர் சொன்னதை நான் அப்படியே தருகிறேன்: உடம்பைச் சூடாக்கிய பிறகுதான் போட வேண்டும். சமதரையில் மட்டும். கொஞ்ச நேரம்தான். காலில் நோவு உள்ள பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அத்தோடு, இந்தச் சப்பாத்தால் மட்டும் எவரும் உயரக் குதிப்பார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, ஒழுங்கான பயிற்சிதான் முக்கியம் என்றார்.

லீலா இவற்றில் ஒன்றையும் மீறவில்லை. தன்னுடையதாகச் சில விதிகளையும் சேர்த்துக்கொண்டார். அவரவர் காலுறையை அவரவர் கொண்டுவர வேண்டும், தோய்த்திருக்க வேண்டும். ஒருத்தி போட்டால் மற்றவர்கள் பந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பிந்தி வந்தவளுக்கு அன்று சப்பாத்து இல்லை. களத்தைத் தாண்டிச் சப்பாத்து ஓர் அடியும் போகக்கூடாது. இறக்கத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத்தானே தெரியும்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது கௌசல்யாவின் முறை.

"லீலாம்மா, கெண்டைக்கால் இழுக்குது."

"இழுக்கட்டும். வலிச்சா மட்டும் கழட்டு."

"இழுக்குறதுக்கும் வலிக்கிறதுக்கும் என்னா வித்தியாசம்?"

"இழுத்தா பேசுவ. வலிச்சா பேச மாட்ட. நீ பேசிக்கிட்டுத்தானே இருக்க, குதி."

பிள்ளைக்காம்பராச் சுவரில் செம்மண் தொட்ட விரலால் எட்டிய மட்டும் அடையாளம் வைப்பார்கள். மழையில் அழிந்துபோகும், திரும்ப வைப்பார்கள். ஒரு மாலை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லும் லீலா, இந்தச் சப்பாத்தாலதான் இதுகள் இப்பிடிக் குதிக்குதுகளோ?" என்று கேட்டேன்.

"சப்பாத்து குதிக்காதுங்க டீச்சரம்மா. புள்ளதான் குதிக்கணும். ஆனா சப்பாத்துக்காகப் புள்ள வரும். ஒரே ஒரு சோடிதானே. நம்ம முறை போயிருமேன்னு ஓடி வரும்."

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீர், விறகு, தம்பி தங்கை என்று அடைந்துவிடும் பிள்ளைகள், அந்தச் சப்பாத்தின் முறைக்காக வேலைகளை முடித்துவிட்டு ஓடி வந்தார்கள். தாய்மாரும் விட்டார்கள். லீலா அந்த மாலை நேரத்தைத்தான் கட்டிக் காத்தார்.

ஒரு முறை ரப்பர் கட்டை பிரிந்துவிட்டது. ஹட்டன் டவுனில் சப்பாத்துத் தைக்கும் சிங்களவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பப் போனபோது மனிதர் பெருமையோடு எடுத்து நீட்டினார். பிரிந்ததை ஒட்டியிருந்தார். அத்தோடு, இரண்டு சப்பாத்துக்கும் பின்னால் அழகான தடித்த குதிகால் வைத்துத் தைத்தும் இருந்தார்.

"அக்கா, அடி விழுந்து போனதுதானே. நான் நல்ல டயர் போட்டுக் கொடுத்தது," என்றார்.

லீலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சண்டை பிடிக்கப் போகிறார் என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். லீலாவோ, "ரொம்ப நல்லா இருக்கு மாத்தையா. நா இதப் போட்டு மலையேறுறப்பவே நீங்க இருந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, குதிகாலை வெட்டி எடுக்கச் சொல்லிப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்த மனிதருக்குக் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை. நாங்கள் தெருவைத் தாண்டிய பிறகும் வெட்டி எடுத்த குதிகாலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌசல்யா பெரிய பிள்ளையானதும் முருகையா அவளை நிறுத்தப் பார்த்தார். இதை எழுதுவதால் அவர் என்மீது வருத்தப்பட மாட்டார் என்று நம்புகிறேன், ஏனென்றால் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னிலையிலும் நடந்த பேச்சு இது.

"பொம்பளப் புள்ள நின்னு குதிக்கிறத ரோட்டுல போற வாறவன் எல்லாம் பாக்குறான் லீலாம்மா."

"பாக்கட்டும். அவனை நா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எத்தன நாளைக்கு இப்பிடி உக்காந்திருப்பீங்க?"

"ஒன்னத் தொட்டில்ல போட்டு ஆட்டினப்ப எத்தன நாளைக்குன்னு நா கேட்டேனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முருகையாவும் சிரித்தார். பிறகு, "சரிங்க. நீங்க இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அனுப்புறேன்," என்றார். லீலா அதைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலிலும் வந்து உட்கார்ந்தார். விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் லயத்து வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், கதவு திறந்து உள்ளே போகும் வரை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

அந்தக் களத்தில்தான் ஒருநாள் பகிடி விட்டார். பிள்ளைகளில் ஒருத்தி, "லீலாம்மா, இந்தச் சப்பாத்த நீங்க கடைசியா யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்க, "ஒருத்திக்கும் குடுக்க மாட்டேன். நா போனா என் கூடவே வச்சு அனுப்புங்கடி. எமன் கயிறு வீசினா ஒரே குதி, தப்பிச்சிருவேன்," என்றார். எல்லோரும் சிரித்தோம். முருகையாவும் அங்கே இருந்தார்.

இறந்தவர் ஆசையாக வைத்திருந்ததைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது இங்கே வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். லீலாவுக்கும் வெற்றிலைப் பையை வைத்தார்கள், மலர் அனுப்பிய சேலையை வைத்தார்கள். பிறகு முருகையா சப்பாத்தைக் கொண்டுவந்தார். கழுவித் துடைத்து, புது நாடா கோத்திருந்தார். அந்தக் காலையில் இதற்காக அவர் கடைக்குப் போயிருக்கிறார். துவாயை விரித்து, கால்மாட்டில் இரண்டையும் சேர்த்து வைத்தார். லீலாவை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். கௌசல்யா வெளியே போய்விட்டாள். செத்த வீட்டில் குரல் உயர்த்தும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று எழுந்து நின்றேன்.

"முருகையா தம்பி, அதை வெளியில எடுங்கோ."

"லீலாம்மா கேட்டது டீச்சரம்மா. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"அது பகிடிக்குச் சொன்னது."

"செத்தவங்க சொன்னதுல எது பகிடின்னு நம்ம எப்பிடிங்க சொல்றது?"

பின்னாலிருந்து ஒருவர், "டீச்சரம்மா வேதக்காரங்க. நம்ம முறை அவங்களுக்குத் தெரியாது. விட்டுருங்க," என்றார். அது கோபத்தில் சொன்னது இல்லை. எனக்காகப் பரிந்து சொன்னதுதான்.

மலரால் வர முடியவில்லை. ஒரு பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டிருக்க, தாயின் முகத்தை அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. போனுக்குள்ளிருந்து அவள்தான் பேசினாள்.

"முருகையாண்ணே, அம்மா எங்கிட்டயும் அந்தக் கதையச் சொல்லிச் சிரிச்சுச்சு. எமனுக்கே குதிச்சுக் காட்டுவேன்னுச்சு. பகிடிதாண்ணே. அத எடுத்துருங்க. அம்மா அதப் போட்டுக்கிட்டு விழத்தான் செஞ்சுச்சு. புள்ளைங்கதான் குதிக்கும்."

முருகையா சப்பாத்தின் நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். வெளியே தப்பு அடிக்கிறவர்களை யாரோ நிறுத்தச் சொன்னார்கள்.

"நா எடுக்க மாட்டேன். வச்ச கை எடுக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, ஓர் அடி தள்ளி நின்றார்.

நான் போய் எடுத்தேன். என்னை ஒருவரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு பெட்டியை மூடினார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் முருகையா.

துக்கத்துக்காக நெட்டை அவிழ்த்தார்கள். அது முறைதான். கருமாதி முடிந்தது. நெட் கட்டப்படவில்லை. முருகையாவைக் கேட்டேன். "பெட்டிக்குள்ள போன சாமானப் போட்டுப் புள்ளைங்க வெளையாட ஏலாதுங்க. தாய்மாருங்க பயப்படுறாங்க," என்றார். சப்பாத்து இல்லாமல் ஆடட்டுமே என்றேன். "பாப்பம் டீச்சரம்மா," என்றார். இன்னொரு நாள் கேட்டேன், சங்கத்தில் பேச வேண்டும் என்றார். சங்கத்தில் ஒருவரைக் கேட்டேன், முருகையாதான் சொல்ல வேண்டும் என்றார். இதற்கிடையில் கௌசல்யா வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த தவணை செலக்ஷன் டீச்சரம்மா. மாகாணத்துக்கு எடுக்குறாங்க. நெட்டு இல்லாம நா எங்க குதிக்கிறது?"

"அப்பாவிட்டக் கேட்டனியோ?"

"லீலாம்மா இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னேன்னு சொல்றாரு."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. தோட்டம் முழுவதும் சப்பாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, நானும் சேர்த்து. தாய்மாரின் பயம் சப்பாத்தைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் கதிரையில் இப்போது ஒருவரும் இல்லை.

ஆகவே, லீலாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன். உங்கள் முறையை நான் இகழவில்லை. பெட்டிக்குள் வைத்ததைத் திரும்ப வெளியே எடுத்தது தவறு என்று சங்கம் முடிவு செய்தால், அந்தச் சப்பாத்தை லீலாவின் குழிக்குப் பக்கத்தில் புதைத்துவிடுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். மலரிடம் கேட்டுவிட்டேன், அவளும் சம்மதித்துவிட்டாள். பிள்ளைகள் வெறுங்காலோடு குதிப்பார்கள். அவர்களின் தாய்மாரும் அப்படித்தான் குதித்தார்கள், லீலாவும் அப்படித்தான் குதித்தார்.

நெட்டை மட்டும் திரும்பக் கட்டுங்கள். மாலையில் அந்தக் கதிரையில் நான் உட்காருகிறேன். லீலாவின் குரல் எனக்கு இல்லை. ஆனால் ரோட்டில் நின்று பார்க்கிறவன் யாருடைய மகன் என்று எனக்குத் தெரியும், அவனுடைய தகப்பனுக்கும் நான் படிப்பித்திருக்கிறேன். லயம் வரை பிள்ளைகளைக் கூட்டிப்போக என் முழங்கால் இடம் தராது. அதற்குத் தாய்மார் முறை வைத்து வரட்டும்.

லீலாவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அவரால் எனக்கு வந்தது ஒரு பழக்கம்தான். மாலையானால் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து, களத்தில் பந்துச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். கணவர் போன பிறகு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட என்னை வெளியே இழுத்தது அந்தச் சத்தம். இப்போதும் கதவைத் திறக்கிறேன். சத்தம் இல்லை. இருந்தும் திறக்கிறேன், இனியும் திறப்பேன்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்து, நெட் கட்டப்படுமா இல்லையா என்பதையும், நான் அங்கே உட்கார்ந்தால் பிள்ளைகளை அனுப்புவீர்களா என்பதையும் முடிவு செய்யும்படி கேட்கிறேன். பதிலை ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுதி, செயலாளர் முருகையாவின் கையொப்பத்துடன் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.